தோட்டம் முழுவதும் நான் நடக்கவில்லை

எங்கள் அண்ணை இணுவிலில் பிறந்தவர். ஐயா இளவயதிலேயே கண்மூடியதால் படிப்பை விட்டு எங்களை வளர்த்தார். ரொறன்ரோ வந்து உணவகமொன்றில் கோப்பை கழுவினார். பிறகு, உருளைக்கிழங்குச் செடிகளில் வைரஸ் நோய் இருக்கிறதா என்று சோதிக்கும் சிறு நிறுவனமொன்றில் சேர்ந்து, என்னையும் சேர்த்துவிட்டார். "கிழங்குக்குக் காய்ச்சல் பாக்கிற டொக்டர்" என்று சொந்தக்காரர் பகிடி பண்ணுவார்கள். அண்ணையும் சிரிப்பார். வேலையில் மட்டும் விளையாட்டு இல்லை. நோயுள்ள செடியும் சிலவேளை பச்சைப்பசேலென்றுதான் நிற்கும். மூலைக்கு மூலை குறுக்கும் மறுக்கும் நடந்து இலை பறித்தால்தான் ஆய்வுகூடத்தில் உண்மை தெரியும் என்பார்.

ஒரு சனிக்கிழமை, ஒரே முதலாளியின் இரண்டு விதைக்கிழங்குத் தோட்டங்களில் பெரியதை அண்ணை எடுத்து, சிறியதை என்னிடம் விட்டார். எனக்கோ மிசிசாகாவில் நண்பனின் கலியாணத்துக்கு ஓடும் அவசரம். கார் நின்ற மூலையிலேயே இலை பறித்துப் பைகளை நிரப்பிவிட்டேன்.

"தோட்டம் முழுக்க நடந்தனியே?"

"ஓம் அண்ணை."

அவர் நம்பி, இரண்டு தோட்டத்துப் படிவங்களிலும் கையெழுத்திட்டார். நோய் இல்லை என்று முடிவு வந்தது. அடுத்த வருடம் அந்த விதையை வாங்கி நட்டவர்களின் செடிகள் தேமல் பிடித்துக் குறண்டிப்போய் நின்றன. விசாரணையில் நான் வாய் திறக்கவில்லை. அண்ணை என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அந்த இலைகளைப் பறித்தது தாமே என்று சொல்லிவிட்டார்.

அவருடைய வேலை போனது, என் வேலை தப்பியது. கடைசிவரை ரெக்ஸ்டேலில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றினார். "கவனமில்லாத மனுசன்" என்று உங்களில் சிலர் விருந்துகளில் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். குனிந்து சோற்றைத் தின்றேன். வெட்கம் கெட்டவன் நான்.

இதை வாசித்த அண்ணி, "உதை இப்ப ஏன் தம்பி எழுதிறியள்? சனம் உங்களைத்தான் பேசும்" என்றார்.

"பேசட்டும் அண்ணி" என்றேன். அண்ணை செத்த முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகமாக உங்கள் கைக்கு வரும் இந்தக் கல்வெட்டிலாவது அண்ணையின் பெயர் சுத்தமாக இருக்கவேண்டும்.

அண்ணை நோயில் கிடந்தபோது முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், அண்ணியைப் பட்டினி கிடக்க விடாத அயலவருக்கும் எங்கள் நன்றி. அந்தத் தோட்ட முதலாளியும் செத்தவீட்டுக்கு வந்திருந்தார். என் கையைப் பிடித்து, அந்த ஒரு தடவையைத் தவிர உன் அண்ணன் பிழை விட்டதேயில்லை என்றார். அவருக்கும் நன்றி சொல்லித்தான் அனுப்பினேன்.