பட்டாளத்துப் படத்துக்கு நான் சொன்ன வசனம்

இன்று பஸ்ஸில் நனைந்த தார்ப்பாய் நெடி அடித்ததும் சின்ன வயதில் படம் பார்த்த, தார்ப்பாய்க் கூரை போட்ட ஏற்காட்டு வீடியோ கொட்டகைக்கே மனசு போய்விட்டது. பைக் ரவுடிகளைப் பட்டாளத்தார் பழிவாங்கும் மட்டமான இங்கிலீஷ் படத்துக்கு, கான்வென்ட்டில் படிக்கிறவள் என்று என்னை முன்னால் உட்காரவைத்து, எஸ்டேட் சனங்களுக்காக வசனத்தைத் தமிழில் கத்தச் சொல்வார்கள். எனக்குப் புரிந்தது பாதி, மீதி என் சரக்கு.

"ஏங்கண்ணு, சாகறப்ப அந்தப் பட்டாளத்துப் பையன் என்ன சொல்றான்?" என்றார், மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பியிருந்த தலைச்சோலை மாரப்பன்.

"வலிக்கலைன்னு அம்மாகிட்டச் சொல்லச் சொல்றானுங்க."

"இத்தன குண்டு பட்டுமா!" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். மாரப்பன் சிரிக்கவில்லை.

அந்த மழைக்காலத்திலேயே அவர் மகன் இறந்த செய்தி இங்கிலீஷ் கடிதமாக வந்தது. "எம்பையன் கடைசியா என்ன சொன்னான், படி சாமி" என்று நீட்டினார். பெயர், நம்பர், வருத்தம், கையெழுத்து. மூன்று முறை படித்தேன். என் சரக்கு எதுவும் வாயில் வரவில்லை.

"ஒண்ணுமே எழுதலைங்க."

"சின்னப் புள்ள, உனக்குத் தெரியல" என்று கடிதத்தை மடித்துக்கொண்டு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் போனார். பிறகு ஊரில் இங்கிலீஷ் தெரிந்த ஒவ்வொருவரிடமும்.