மாமாவின் காலில் நான் போட்ட கட்டு

கெலுகோரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. பாம்பு விஷத்தில் உள்ள புரதங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில் உட்கார்ந்து இதைப் பற்றி அளப்பேன். விஷம் ஒன்றும் வானத்திலிருந்து விழவில்லை, பாம்பின் எச்சிலிலும் உடம்புக்குள்ளும் சாதாரண வேலை பார்த்த புரதம்தான். அதற்கான மரபணு தற்செயலாக இரண்டு பிரதியாகிவிட்டது. ஒன்று பழைய வேலையையே பார்க்க, இன்னொன்று தலைமுறை தலைமுறையாக மாறி விஷமானது என்பேன். அக்கா எழுந்து போய்விடுவாள். அக்காவின் கணவர் மட்டும் கடைசிவரை கேட்பார். மாமா பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப பாம்பு எச்சிலுக்கும் நம்ம எச்சிலுக்கும் தூரத்துச் சொந்தம்லா," என்று சிரிப்பார்.

போன வருஷம் அப்படியொரு ஞாயிறு, பின்கட்டுச் சாக்கடையில் அடைத்திருந்த இலைகளை அவர் அள்ளும்போது பச்சை விரியன் வலது பாதத்தில் கடித்துவிட்டது. அதன் விஷம் சதையை அழிக்கும். இறுக்கிக் கட்டினால் கடிபட்ட இடத்திலேயே தங்கி நாசம் பண்ணும். இதை நானே கட்டுரையில் எழுதியிருக்கிறேன். அந்த நேரத்தில் படித்தது ஒன்றும் உதவிக்கு வரவில்லை. துண்டை எடுத்து முழங்காலுக்குக் கீழே பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன்.

"ரொம்ப வலிக்குது தம்பி, கொஞ்சம் தளர்த்து."

"பேசாம இருங்க மாமா, எனக்குத் தெரியும்," என்று அதட்டினேன்.

ஜாமில் மாட்டி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பாதம் கறுத்துவிட்டது. கட்டைப் பார்த்ததும் தாதிக்குக் கோபம் வந்தது.

"யாரு இப்படிக் கட்டுனது? காலே போயிடும், தெரியுமா?"

மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். "நான்தான் மிஸ்ஸி. தெரியாம கட்டிட்டேன்," என்றார்.

அவ்வளவு வலியிலும் அத்தனை திட்டையும் தலையாட்டி வாங்கிக்கொண்டார். தாதி என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க? என்ன வேலை செய்றீங்க?"

"ஆபீஸ் வேலை," என்றேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

உயிர் பிழைத்தார். ஆனால் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பிரேக் மிதிக்கிற கால். இப்போது அதே தொழிற்சாலையில் வாசல் காவலாளியாக இருக்கிறார்.

கட்டியது யார் என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. அவள் அப்போது கடைக்குப் போயிருந்தாள். அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்வாள்: "என் தம்பி பக்கத்துல இருந்ததாலதான் இவரு பொழச்சாரு. பாம்பு விஷமே படிச்சவன்லா."

வந்தவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். நானும் கையை நீட்டுவேன்.