கம்ப்ரஸர் மூழ்கிய நாளின் பற்கள்

1. குட்மார்னிங் சொல்லாத மேனேஜர்

நான் முதலில் வேலை பார்த்தது தானியத்திலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையில், குவாலிட்டி கன்ட்ரோல் லேபில். லாரி லாரியாக நொய்யரிசியும் மக்காச்சோளமும் வந்து இறங்கும். அரைத்து, வேகவைத்து, என்சைம் சேர்த்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து வடித்தால் பெட்ரோலில் கலக்கும் எத்தனால். ஆனால் வடிப்பதால் மட்டும் அதிலுள்ள கடைசித் தண்ணீர் போய்விடாது. மாலிக்யூலர் சீவ் என்ற மணிகள் நிரப்பிய டவருக்குள் அனுப்பித்தான் அதை உறிஞ்ச வேண்டும். தண்ணீர் மிஞ்சினால் பெட்ரோலோடு கலந்து நிற்காமல் பிரிந்துவிடும். டேங்கர் திரும்பி வந்துவிடும். அதனால் மேனேஜர் காலையில் லேப் வாசலுக்கு வந்ததும் குட்மார்னிங் சொல்லமாட்டார். "தண்ணி எவ்வளவு?" என்றுதான் கேட்பார்.

கொல்கத்தாவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு எத்தனால் தெரிந்த கெமிஸ்ட் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. நிரந்தர வேலையை விட்டுவிட்டு கான்ட்ராக்டில் சேர்ந்தேன். "பெட்ரோல்லேர்ந்து பல்லுக்கா? உனக்குப் பைத்தியமா?" என்றார் என் கணவர். பெஹாலாவில் எங்கள் ஃபிளாட்டில் மாடிக்கு மாடி இதே பேச்சு. எனக்கு இது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

2. பல்லுக்குள் தண்ணீர்

பல்லை அடைக்கும்போது ரெசின் என்ற பிசின் பல்லோடு ஒட்டவேண்டும். ஆசிட் ஜெல் வைத்துக் கழுவினால், எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினில் மெல்லிய நார்கள் வெளிப்படும். அவை தண்ணீரில் ஊறி நிமிர்ந்து நிற்கும். நார்களுக்கு இடையே ரெசின் புகுந்து இறுகினால்தான் பிடிப்பு. ஆனால் நீண்ட நாள் உழைக்கும் ரெசினுக்குத் தண்ணீர் ஆகாது. அதனால் எத்தனாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செறிவு கூட்டி விட்டு, தண்ணீரை வெளியேற்றி, அதன் இடத்தில் எத்தனாலை உட்காரவைக்க வேண்டும். பிறகு ரெசின் சுலபமாக உள்ளே போகும். ஒரே நிபந்தனை, நடுவில் நார்கள் காயக்கூடாது. காய்ந்தால் எண்ணெய் தடவிய தலைமுடி போலப் படிந்துவிடும். ரெசினுக்கு வழி அடைந்துவிடும்.

இந்த ஆராய்ச்சியை நடத்தியவர் டாக்டர் மைதிலி. லேக் மார்க்கெட் பக்கத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், கோபம் வந்தால் வங்காளம். பிடுங்கிய பற்களில் அவர் ரெசினை ஒட்டிக் கொடுப்பார். நான் எத்தனால் தயாரிப்பேன். பிறகு பல்லை மெல்லிய குச்சிகளாக அறுத்து, யூ.டி.எம். என்ற மெஷினில் இழுத்து, எந்த விசையில் பிய்கிறது என்று பார்ப்பேன்.

பிய்ந்துகொண்டே இருந்தது. பழைய முறையில் ஒட்டியதைவிட மோசமாக.

எங்கள் துறைத் தலைவர், எச்.ஓ.டி., ஒரு வங்காளி. நல்ல மனிதர், ஆனால் பொறுமை மட்டும் அளவாக உண்டு. "பாருங்கோ, பூஜோவுக்கு முன்னாடி ரிவ்யூ. நம்பர் ஏறலைன்னா ஸ்டடியை மூடிடுவேன். பூஜோவுக்கு அப்புறம் பாக்கலாம்னு எங்கிட்ட வராதீங்க" என்றார். இந்த ஊரில் எல்லாமே துர்கா பூஜைக்கு அப்புறம்தான் நடக்கும். எங்கள் மூடுவிழா மட்டும் முன்னாடியே வந்துவிட்டது. ஸ்டடி போனால் மைதிலியின் உழைப்பு போகும், என் வேலையும் போகும்.

3. பாட்டில் மீது சந்தேகம்

நான் எங்கே தேடியிருப்பேன்? தண்ணீரில்தான். மழைக்காலத்தில் கொல்கத்தாக் காற்றே பாதி தண்ணீர். திறந்து வைத்த எத்தனால் அதைக் குடித்துக்கொண்டிருக்கும் என்று நம்பினேன். புதுப் பாட்டில் திறந்தேன், சீவ் மணிகளைப் போட்டு மூடி வைத்தேன், ஈரம் எவ்வளவு என்று டைட்ரேட் செய்து அளந்தேன். எத்தனால் அப்பழுக்கில்லாமல் இருந்தது. நம்பர் மட்டும் ஏறவில்லை.

"உன் சாராயத்துல ஒண்ணும் இல்லையா ஹேமா?" என்றார் மைதிலி.

"இல்லை டாக்டர். உங்க கையில ஏதாவது?"

"இந்தக் கையாலதான் பாதி பாலிகஞ்சுக்குப் பல் அடைச்சிருக்கேன். போய் உன் மெஷினைப் பாரு!"

மெஷினையும் பார்த்தேன். அது ஒழுங்காகத்தான் இருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனால் விடுவதாக இல்லை.

4. கீழ்த்தளத்தில் வெள்ளம்

ஒரு நாள் காலை முதல் கொட்டிய மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர். மைதிலி பற்களுக்கு ஆசிட் வைத்துக் கழுவி முடித்த நேரம், கீழ்த்தளத்தில் இருந்த கம்ப்ரஸர் ரூமுக்குள் வெள்ளம் புகுந்தது. த்ரீ-வே சிரிஞ்சில் காற்று நின்றுவிட்டது. தண்ணீரும் காற்றும் பீய்ச்சும் அந்தச் சிரிஞ்ச் இல்லாமல் பல் டாக்டருக்குக் கை ஓடாது.

"விட்டா பல்லு வீணாயிடும். இருக்கறதை வெச்சுப் பண்றேன்" என்று அவர் தொடர்ந்தார். அதிகப்படி ஈரத்தைப் பஞ்சால் ஒற்றினார். ரெசின் பூசிய பிறகு எத்தனால் ஆவியாகவேண்டும். அதற்கு மட்டும் டிராயரிலிருந்து ரப்பர் பல்பை எடுத்து மெல்ல ஊதினார்.

மறுநாள், "அந்த பேட்சை விட்டுடு. புரோட்டோகால்படி பண்ணலை. கணக்குல சேராது" என்றார்.

"சேர்க்கவேண்டாம். பிய்ச்சுப் பாக்கறதுக்கு என்ன?" என்று அறுத்தேன், இழுத்தேன். குச்சிகள் பிய்யவே மாட்டேன் என்றன. அதுவரை பார்க்காத நம்பர்கள். மெஷின் கெட்டுவிட்டதோ என்று நிறுத்தி மறுபடி காலிபரேட் செய்தேன். கெடவில்லை.

எத்தனால் அதே பாட்டில். கையும் அதே கை. இல்லாமல் போனது காற்று மட்டும்தான்.

"நடுவுல நீங்க ஊதறீங்க டாக்டர்."

"காயக்கூடாதுன்னு எழுதினதே நான்தான். நான் ஊதுவேனா?"

கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதும் அவருடைய மொபைலையே ஸ்டாண்டில் வைத்து, வேலை செய்யும்போது வீடியோ எடுத்தோம். ஓடவிட்டுப் பார்த்தார். எத்தனால் விட்டதும் கட்டைவிரல் தானாகப் பட்டனுக்குப் போகிறது. ஸ்ஸ். அடுத்த எத்தனால். மறுபடி ஸ்ஸ். எத்தனால் கண்ணிமைக்கும் நேரத்தில் பறந்துவிடும், நார்கள் காய்ந்து படிய அந்த ஒரு ஊதலே போதும்.

"ஏ பாபா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். "ஸ்டூடன்ட்டா சேர்ந்த அன்னிக்கே சொன்னாங்க, பல்லைக் காயவைன்னு. விரலுக்கு வேற எதுவும் தெரியலையே!" பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆலையில் எனக்கு ஊட்டிய பாடமும் அதே வேலையைத்தான் செய்திருந்தது. தண்ணீர், தண்ணீர் என்று நான் பாட்டிலைவிட்டு அசையவில்லை.

5. பட்டனுக்கு பிளாஸ்திரி

ஒரு பேட்ச் நன்றாக வந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். அதனால் மறுபடி செய்தோம். பாதிப் பற்களுக்கு அவர் வழக்கம்போல் ஊதினார். மீதிக்குக் காற்றுப் பட்டன் மேல் நான் பிளாஸ்திரி ஒட்டினேன். ரெசின் பூசிய பிறகு வரும் கடைசி ஊதலுக்கு இரண்டிலும் ரப்பர் பல்புதான். பிறகு அவர் பற்களைக் கலந்து குறியீடு மட்டும் போட்டுக் கொடுத்தார். எது எந்தப் பல் என்று மெஷினில் இழுத்த எனக்குத் தெரியாது, குறியீட்டுப் பட்டியல் அவரிடம் இருந்தது. குறியீட்டைப் பிரித்தபோது நம்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றன. பிளாஸ்திரிக் கட்சி எங்கேயோ மேலே.

தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தபோது ரிவ்யூ நடந்தது. எச்.ஓ.டி. கிராஃபைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டும் பார்த்தார்.

"புதுசா என்ன பண்ணினீங்க?"

"பண்ணலை சார்" என்றார் மைதிலி. "பண்ணிட்டிருந்த ஒண்ணை நிறுத்தினோம்."

ஸ்டடி நீடித்தது. என் கான்ட்ராக்டும் நீடித்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தெரியாததால் செய்யும் தப்பைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். நன்றாகத் தெரிந்த கை தன்பாட்டில் செய்வதுதான் சிக்காது. விதிக்குப் புறம்பாக நடந்த பேட்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஆனால் இழுத்துப் பார்க்காமல் குப்பையில் போடாதீர்கள். எங்கள் லேபில் எத்தனால் வேலை நடக்கும் நாளில் இன்றும் பட்டன் மேல் பிளாஸ்திரி இருக்கும். ஒட்டுகிறவர் டாக்டர் மைதிலி. தன் விரலை அவர் இன்னும் நம்பவில்லை.