விமானம் மாறிய இடத்தில் இராகு காலம்

வெட்கத்தால் இதை எழுதாமலே பல வருடங்களைக் கடத்திவிட்டேன்.

லண்டனில் எங்கள் மகளுக்குக் கலியாணம். மானிப்பாயில் டிக்கெட் எடுத்துத் தந்தவர், "ஒரே விமான இலக்கம் ஐயா, ஏறினால் லண்டனிலைதான் இறங்குவியள்" என்றார். அதை நம்பி, ஏறும் நேரத்துக்கு மட்டும் பஞ்சாங்கம் பார்த்தேன்.

போரால் ரயில் நின்றுபோன காலம். நானும் மனைவியும் பஸ்ஸில் கொழும்புக்குப் போய், முருகன் அருளால் வெள்ளி விடியப்புறம் நல்ல நேரத்தில் ஏறினோம். வழியில் ஓர் அரபு நாட்டில் எல்லோரையும் இறக்கி, அதே இலக்கத்துக்கு வேறு விமானத்தைக் காட்டினார்கள். என் மணிக்கூட்டில் பத்தரை. இராகு காலம்! பிள்ளையின் நல்ல காரியத்துக்கு இராகு காலத்தில் ஏறுவதா? வாசலிலேயே நின்றுவிட்டேன். கடைசி அழைப்பும் கேட்டது.

"இஞ்சேருங்கோ, அது எங்கடை ஊர் நேரம்" என்றாள் மனைவி. "உந்தச் சுவர் மணிக்கூட்டைப் பாருங்கோ, எட்டு மணி. இராகு இன்னும் இஞ்சை வந்து சேரேல்லை. அவர் வரமுதல் ஏறுங்கோ!"

"ஓம், ஓம்" என்று ஓடினேன். தாலி கட்டும்போது பக்கத்திலேயே நின்றோம்.

பயணம் போகிற உங்கள் வாசகர்களுக்கு இதைச் சொல்லுங்கள். எத்தனை விமானம் என்று முதலே கேட்கட்டும். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். மனைவி சொன்னதை நான் சொன்னதாக மாற்றிவிடாதீர்கள், அவளும் இதை வாசிப்பாள்.