தொகுதி என்றால் உப்பளம்

சேதராப்பட்டில் நான் பேக்கிங் ஷெட் போட்டபோது என் கையில் இருந்தது ஒரு சுத்தியலும் வாயும்தான். பிரான்சுக்குக் குடிபோகும் குடும்பங்களின் பீரோ, தையல் மிஷின், மாதா சுரூபம் எல்லாவற்றையும் மரப்பெட்டியில் அடைத்து, ஒரு கீறல் இல்லாமல் கப்பலில் போய்ச்சேர வைத்தேன். உப்பளத்தில் மாடி வீடு கட்டினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது; நான்தான் அதை விட்டேன் என்றும் சொல்லலாம். இவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று கேட்ட தெருவிலேயே பெண் எடுத்தேன். மகளைக் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆக்கினேன். கடைசியாக, ரத்தம் கொடுப்பவர்களின் விவரங்களை வைத்திருக்கும் கோரிமேட்டு டேட்டாபேஸை நிமிர்த்தி நிறுத்தினேன். இந்தக் கடைசிக் கணக்கை மட்டும் என் மகள் ஒப்புக்கொள்ள மறுக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

கோரிமேட்டில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் ரத்தத்துக்கு அலைவதைப் பார்த்துப் பார்த்து, நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு சின்ன அறை ஒன்றில் உதவி செய்கிறார். யார் என்ன பிரிவு, எப்போது கடைசியாகக் கொடுத்தார் என்பதெல்லாம் பலருடைய போன்களில் சிதறிக் கிடந்தது. ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்று என் மகளிடம் கேட்டார். அதற்கு நல்ல டேட்டாபேஸ் ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது என்றாள் மகள்.

"சும்மா குடுக்கறான்னா அதுல என்னமோ கோளாறு இருக்கும்" என்றேன்.

"சும்மா மட்டும் இல்லப்பா. உள்ள எப்படிச் செஞ்சிருக்குன்னும் தொறந்தே வெச்சிருக்காங்க. யார் வேணா பாக்கலாம், திருத்தலாம்."

"அப்போ எடுத்துப் போட வேண்டியதுதானே?"

"என் மிஷின்ல ஓடுது. சிஸ்டரோட பழைய மிஷின்ல அது இல்ல, இது இல்லன்னு நின்னுடுது. அதான் அதுக்கு வேண்டியது எல்லாத்தையும் ஒரே பெட்டியில கட்டறேன். எங்க எறக்குனாலும் ஓடணும். கன்டெய்னர்னு பேரு."

"அடியே, அது என் தொழில்டி!"

பொய்யில்லை. கட்டிலை அனுப்பினால் அதன் போல்ட்டையும் ஸ்பானரையும் அதே பெட்டியில் வைப்பவன் நான். நம் ஊர் போல்ட்டை பிரான்சில் எந்தக் கடையில் தேடுவார்கள்? இப்படிப் பெட்டி கட்டும் வேலையைப் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள் அம்பலாஜ் என்பார்கள். ஊரில் இன்றும் நான் அம்பலாஜ்காரர்தான்.

ஒன்றுதான் எனக்குப் பிடிபட நேரமானது. புதிய பதிப்பு வந்தால் பழைய பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுப் பெட்டியை இறக்க வேண்டுமாம்.

"உள்ள இருக்கற சரக்கு?"

"சரக்கு பெட்டிக்குள்ள இருக்காதுப்பா. வெளிய ஒரு எடத்துல தனியா இருக்கும். அதைப் புதுப் பெட்டியோட சேர்த்துவிட்டா போதும்."

அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் வால்யூம் என்று பெயர். அவளும் மெனக்கெட்டு, எல்லோரும் படிக்கட்டும் என்று செய்முறையைத் தமிழில் எழுதினாள். அதைச் சோதிக்க என்னைப் பிடித்தாள். "நீ போட்டு ஓடிச்சுன்னா உலகமே போடும்பா." பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

சிஸ்டரின் கம்ப்யூட்டரை ஆட்டோவில் உப்பளத்துக்குக் கொண்டுவந்தார்கள். செய்முறைத் தாளைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். நடுவில் 'தொகுதியின் பெயர்' என்று கேட்டது. உப்பளம் என்று போட்டேன். ஓடியது. கம்ப்யூட்டர் கோரிமேட்டுக்குத் திரும்பியது. மழைக்காலம் முழுவதும் சிஸ்டரும் அவருடைய ஆட்களும் பெயர்களை ஏற்றினார்கள்.

பிறகு புதிய பதிப்பு வந்தது. மகள் சென்னைக்குப் போயிருந்தாள். நானே கோரிமேட்டுக்குப் போனேன். பழைய பெட்டியை நீக்கினேன், புதியதை இறக்கினேன். மறுபடியும் 'தொகுதியின் பெயர்'. இப்போது கம்ப்யூட்டர் இருப்பது கோரிமேட்டில் அல்லவா? கோரிமேடு என்று போட்டேன். அந்தப் பெயரில் தொகுதி கிடையாது என்பது எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு எங்கே தெரியப்போகிறது!

அழகாகத் திறந்தது. உள்ளே ஒரு பெயர்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஓர் ஆள். திண்டிவனம் பக்கமிருந்து வந்தவர். மனைவிக்கு ஆபரேஷன், கிடைப்பதற்கு அரிதான ரத்தம். சிஸ்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா பண்ணீங்கண்ணே?"

"தாள்ல போட்டிருந்ததத்தான் பண்ணேன் சிஸ்டர்."

வந்தவர் துண்டைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார். மகளுக்குப் போன் போட்டேன்.

"தொகுதி பேரு கேட்டிச்சா? என்ன போட்ட?"

"கோரிமேடு."

"மொத தடவ?"

"உப்பளம்."

"எதுக்குப்பா உப்பளம்?"

"எனக்கு ஓட்டு அங்கதானே இருக்குது?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "பயப்படாத. உப்பளம் பத்திரமா இருக்கு. நீ கோரிமேடுன்னு புதுசா ஒரு காலி எடத்தத் தொறந்துட்ட, அவ்ளோதான். பெட்டிய எடுத்துட்டுத் திரும்ப எறக்கு. உப்பளம்னே போடு."

போட்டேன். பெயர்கள் வரிசையாக வந்து இறங்கின. சிஸ்டர் தேடிய பிரிவில் சேதராப்பட்டுத் தொழிற்சாலை ஊழியர் ஒருவர் இருந்தார். போன் போனதும் சாப்பாட்டுப் பையோடு பைக்கில் வந்துவிட்டார். மறுநாள் மனைவி இட்லி சாப்பிட்டதைச் சொல்வதற்காகவே அந்தத் திண்டிவனத்துக்காரர் அறைக்கு வந்தாராம்.

"அடுத்த எலெக்ஷன்ல உப்பளத்துல நீங்களே நில்லுங்கண்ணே" என்றார் சிஸ்டர்.

மகள் ஊர் திரும்பியதும் பிடித்துக்கொண்டேன். "தொகுதின்னா சரக்கு வெக்கற எடம்னு இந்த ஊர்ல எவன்டி நெனப்பான்?"

"வால்யூமுக்கு அகராதியில அப்படித்தான்பா போட்டிருக்கு."

"அகராதி எந்தத் தொகுதியில ஓட்டுப் போடுது? சரக்கு வெக்கற எடத்துக்குக் கிடங்குன்னு பேரு. என் ஷெட்டுக்குப் பின்னாடி இருக்குது, போய்ப் பாரு."

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்போது செய்முறையில் கிடங்கு என்றே இருக்கிறது. பெயரும் கேட்பதில்லை, பழைய கிடங்கைப் பெட்டி தானே தேடிப் பிடித்துக்கொள்கிறது. பதிப்பு மாற்றும்போது கிடங்கு காலியாக இருந்தால், 'சரக்கு எங்கே?' என்று கேட்டு நின்றுவிடுகிறது. காரைக்காலில் ஒரு குழு இதை எடுத்துத் தாங்களே போட்டுக்கொண்டது. ஒரு சந்தேகம் கேட்டுக்கூடப் போன் வரவில்லை. இன்னும் பல ஊர்களுக்குப் போகும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இந்தப் பெட்டியை அவள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறாள். உழைத்தவர்களின் பெயர்கள் கீழே இருக்கின்றன. யாரோ ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாராம், அவர் பெயர்கூட இருக்கிறது. எனக்கு என்ன தெரியுமா? 'சோதித்துப் பார்த்த ஒரு பயனருக்கு நன்றி.'

"தப்பா டைப் பண்ணதுக்கா பேரு போடணும்?" என்கிறாள்.

நான் தப்பாகப் போட்டதால்தானே தப்பு வெளியே வந்தது? நான் கட்டிய ஒவ்வொரு மரப்பெட்டியிலும், மேல்பக்கம் எது என்று காட்டும் அம்புக்குறிக்குக் கீழே, கறுப்புப் பெயின்ட்டில் என் பெயர் இருக்கும். இந்தப் பெட்டிக்கும் அதே வழக்கம்தான். மகளே, பயனர் என்பதை அழித்துவிடு. என் பெயரை இனிஷியலோடு முழுசாகப் போடு. பக்கத்தில் 'அம்பலாஜ்' என்றும் போடு.