நீல விளக்கை அணையுங்கள்

எங்கள் மேல்வீட்டு அக்காவுக்கு வேலை சாய ஆலையில். தொட்டியிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு துணியிலும் ஒரு துண்டு வெட்டி அவர் மேசைக்கு அனுப்புவார்கள். வாடிக்கையாளர் கொடுத்த மாதிரித் துணியோடு சேர்த்து, பகல் வெளிச்சம்போல எரியும் விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார். ‘ஓகே’ என்றால் லாரி ஏறும். ‘ரிஜெக்ட்’ என்றால் மொத்தத் துணியும் திரும்பச் சாயத்துக்குப் போகும். முதலாளியே வந்து நின்று, “விடும்மா, யார் பார்க்கப் போறாங்க?” என்றாலும், “நான் பார்த்துட்டேனே சார்” என்பார். இருபத்திரண்டு வருஷமாக இதே பதில்தான். ஆலையில் அவருக்கு ‘டேலைட்டு’ என்று பெயர்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் கடல் வளர்த்தார். கடல் என்றால் முந்நூறு லிட்டர் உப்புத் தண்ணீர், ஒரு கண்ணாடித் தொட்டி, இரண்டு மீன்கள், கற்களில் ஒட்டவைத்த பவளங்கள். அந்த முந்நூறு லிட்டரும் சரியாக என் கட்டிலுக்கு மேலே நின்றன. குடிவந்த முதல் வாரமே மேலே ஏறிப் போய், தொட்டி ஒழுகுமா என்று கேட்டேன்.

“ஒழுகினா முதல்ல உனக்குத்தான் தெரியும். வந்து சொல்லு” என்றார் அக்கா. அதிலிருந்து பழக்கம்.

பவளம் செடி மாதிரி நிற்கும், ஆனால் செடியில்லை, உயிர்ப்பிராணி. தன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசியைக் குடிவைத்து, அது வெளிச்சத்தில் சமைத்துப் போடுவதைத் தின்று வளரும். பாசி அளவோடு இருந்தால் பவளத்தின் சொந்த நிறம் வெளியே தெரியும். தண்ணீரில் கழிவு கூடினால் பாசி பெருத்துவிடும், பவளம் பழுப்பாகிவிடும். இதெல்லாம் அக்கா எனக்குப் படிக்கட்டில் நின்று சொன்ன பாடம்.

பவளம் விற்கும் கடைக்காரரை எல்லாரும் கேப்டன் என்பார்கள். கப்பலில் கால்வைத்தவர் இல்லை. வெள்ளைத் தொப்பி மட்டும் உண்டு. அவர் கடை முழுக்க நீல விளக்கு. அந்த வெளிச்சத்தில் பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாக, உள்ளுக்குள் தீ வைத்ததுபோல ஜொலிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை, பவளம் வளர்ப்பவர்கள் ஆளுக்கொரு துண்டைக் கொண்டுவந்து அங்கே காட்டுவார்கள்.

போன வருஷக் கூட்டத்துக்கு அக்காவோடு நானும் போயிருந்தேன். எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த ஒரு துண்டை, அக்கா தண்ணீர் டப்பாவோடு தூக்கிக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போனார்.

“கேப்டன், இது பழுப்பு” என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

“அக்கா, பவளத்தை நீல லைட்டுலதான் பார்க்கணும். ஆழத்துல அந்த வெளிச்சம்தான் இருக்கு.”

“நான் ஆழத்துலயா இருக்கேன்? என் வீட்டு ஹால்ல இருக்கேன். இந்த லைட்டுல சலவைத்தூள் போட்டுத் துவைச்ச பனியன்கூட ஜொலிக்கும். வேணும்னா உங்க பனியனைக் கழட்டிக் காட்டுங்க.”

சிரிப்பு அடங்கியதும் கேப்டன் கொஞ்சம் கடுப்போடு சொன்னார்: “வெள்ளை லைட்டுல கலர் கொண்டுவர்றதெல்லாம் பெரிய ஆளுங்க வேலை. அனுபவம் வேணும். உங்களுக்கு எதுக்குக்கா அந்த வம்பு?”

அந்த ‘உங்களுக்கு எதுக்கு’தான் வினை. உடைந்த துண்டுகளைப் போடும் வாளியில் கைவிட்டு, நகம் அளவுக்கு ஒரு பழுப்புக் கிளையை எடுத்தார் அக்கா. “அடுத்த கூட்டத்துல இதை வெள்ளை வெளிச்சத்துல கலரா காட்டுறேன். முடியலைன்னா என் தொட்டியை அப்படியே தூக்கிட்டு வந்து உங்க கடையில வெச்சிடறேன். எடுத்துக்குங்க.”

“என்ன கலர்னு சொல்லவே இல்லையே!” என்று பின்னாலிருந்து யாரோ சீண்டினார்கள்.

கைப்பையிலிருந்து ஆலைத் துணித்துண்டுகளை எடுத்துப் புரட்டினார். கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றைப் பிரித்து, கேப்டனின் நோட்டீஸ் பலகையில் குத்தினார். “இந்தக் கலர்.”

பக்கத்தில் நின்ற நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஏதோ ஒரு கலர் என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாமே!

மூன்று மாதம் அந்தக் கிளை பழுப்பாகவே உட்கார்ந்திருந்தது. அக்கா வாராவாரம் தண்ணீர் மாற்றினார். கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, ஜன்னலோரம் பிடித்துப் பார்ப்பார். கழிவு குறையவே இல்லை. கடைசியில் ஒருநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தவர், கையும் களவுமாகப் பிடித்தார். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக், ஷிஃப்ட் வேலை, பகலில் பாதி நேரம் வீட்டில்தான் இருப்பார். தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மீனுக்குத் தீனி தூவிக்கொண்டிருந்தார்.

“எத்தனையாவது தடவை?”

“நாலாவது... பாவம், என்னைப் பார்த்தாலே வாயைத் திறக்குதுங்க.”

“மீன் வாயைத் திறக்கிறது மூச்சு விட! உங்களைக் கொஞ்சறதுக்கு இல்ல!”

அன்றிலிருந்து மீனுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. தீனி டப்பா அக்காவின் பீரோவுக்குள் போனது. தண்ணீர் ஒரு மாதத்தில் தெளிந்தது. கிளையின் பழுப்பு கொஞ்சம் வெளிற, அக்காவுக்கு அவசரம் வந்துவிட்டது. ஒரே நாளில் விளக்கின் வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கினார். நான்காம் நாள் கிளையின் ஒரு பக்கம் சாக்பீஸ்போல வெளுத்துவிட்டது. பாசி ஓடிப்போனால் அப்படித்தான் ஆகும்; பவளம் பட்டினி.

சாயத் தொட்டியைத் திடீரென்று சூடேற்றினால் துணி திட்டுத்திட்டாகும் என்று ஆலையில் நாள்தோறும் ஆட்களைத் திட்டுபவர் அவர். அன்று யாரையும் திட்டவில்லை. விளக்கைப் பாதிக்குக் குறைத்தார். அதற்குப் பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். அதைச் செய்துவிட்டு மூன்று வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். முதலில் தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரைத் திருப்பிவைத்து, கிளையின் இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடும்படி செய்தார். பிறகு, பவளம் தன் எலும்பைக் கட்டிக்கொள்ளத் தேவையான சுண்ணாம்புச் சத்துக் கரைசலைக் காலை ஆறரைக்குச் சொட்டுக் கணக்கில் விட ஆரம்பித்தார். அதன் பிறகுதான் வெளிச்சத்தைக் கூட்டினார், அதுவும் துளித்துளியாக. ஆறாம் மாதம் கிளை நுனிகளில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. வளர்கிறது என்று அர்த்தம். ஒரு கிளை நாலாகி, நாலு பதினொன்றாகி, உள்ளங்கை அளவுக்கு வந்தது.

ஒன்பதாம் மாதம் ஒரு காலை என்னை மேலே கூப்பிட்டார். “என்ன கலர்னு சொல்லு.”

“நீலம்... இல்ல, அடியில பச்சை. மயில் கழுத்து மாதிரி. அக்கா, அற்புதமா இருக்கு!”

“ம்” என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. கத்தரிப்பூ கேட்ட இடத்தில் மயில்கழுத்து வந்திருக்கிறது.

“இன்னும் மூணு மாசம் இருக்கே, மாறாதா?” என்றார் கணவர்.

“சாயமா முக்க முடியும்? அதுக்கு எது வருமோ அது வந்திடுச்சு.”

கணவர் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நீல லைட்டுல பார்த்தா ஏறக்குறையக் கத்தரிப்பூ மாதிரிதான்...”

“இன்னொரு தடவை அதைச் சொன்னீங்க, மீனோட சேர்த்து உங்களுக்கும் ஒரு வேளைதான் சாப்பாடு.”

இந்தக் கூட்டத்துக்கு மட்டும் போகாமல் இருந்துவிடலாமே, யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்று நானும் கேட்டுப் பார்த்தேன். “எனக்கு இருக்கே” என்றார்.

கூட்டத்தன்று கடை நிறைந்திருந்தது. அக்கா உள்ளே நுழைந்ததுமே, “கேப்டன், நீல விளக்கை அணைங்க” என்றார். கேப்டன் தயங்கினார். “அணைங்க, பார்ப்போம்” என்று கூட்டமே கத்தியது. அணைத்தார். குழல் விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில், மேசைமேல் அவ்வளவு நேரம் எரிந்துகொண்டிருந்த பவளங்கள் வரிசையாகப் பழுப்பேறின. ஒருவர் தன் டப்பாவை மெதுவாக மேசைக்கடியில் நகர்த்தினார். நடுவில் அக்காவின் கிளை மட்டும் மயில்கழுத்தாக நின்றது. கூட்டம் கைதட்டியது.

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். “ஒத்துக்கறேன்கா. நீங்க ஜெயிச்சிட்டீங்க.”

அக்கா பலகையிலிருந்து துணித்துண்டைப் பிடுங்கிக் கிளைக்குப் பக்கத்தில் பிடித்தார். ஆலையில் பார்ப்பதுபோலவே ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“ரிஜெக்ட்” என்றார்.

“அய்யோ, அக்கா! நான்தான் சொல்றேனே, ஜெயிச்சிட்டீங்கன்னு!”

“நீங்க யாரு சொல்றதுக்கு? நான் கேட்டது கத்தரிப்பூ. வந்தது மயில்கழுத்து. நல்லா இருக்குங்கிறதுக்காக மாதிரியோட சேர்ந்திடுமா? தோத்துட்டேன். ஞாயித்துக்கிழமை தொட்டி வரும்.”

வீட்டில் யார் சொல்லியும் கேட்கவில்லை. ஞாயிறு காலை தண்ணீரை டிரம்களில் இறைத்து, பவளங்களை வாளிகளில் வைத்து, நாலு பேர் தொட்டியைப் படியில் இறக்கினார்கள். கணவர் மீன் வாளியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தார். அன்று மத்தியானம் என் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். மேலே, இரவெல்லாம் என்னை எழுப்பும் அந்த மோட்டார் சத்தம் இல்லை. இத்தனை நாள் நான் வேண்டிக்கொண்டது அதைத்தான். ஆனாலும் தூக்கம் வரவில்லை.

அன்று காலை கடையில் தொட்டியை நிறுத்தியதும் கேப்டன் அதன்மேல் நீல விளக்கை மாட்டப் போனார்.

“கையை எடுங்க. பந்தயம் வெச்சது தொட்டியை. விளக்கை யாரும் பந்தயம் வெக்கல. விளக்கு என்னுது.” பையிலிருந்து தன் வெள்ளை விளக்கை எடுத்து அவரே மாட்டினார். “இதை மாத்தினா பவளம் கெடும். தினம் வந்து பார்ப்பேன்.”

சொன்னபடியே தினம் ஆலைக்குப் போகும் வழியில் இறங்கி, சொட்டு மருந்து விட்டு, குப்பியை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் போகிறார். வினை அங்கேயிருந்து கேப்டனுக்கு ஆரம்பமானது. உள்ளே வருபவர்கள் நேராக அந்த ஒரு வெள்ளைத் தொட்டியிடம் போகிறார்கள். அந்த மயில்கழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி, “மத்த லைட்டையும் கொஞ்சம் அணைங்களேன், வெள்ளையில பார்த்துட்டு எடுத்துக்கறேன்” என்கிறார்கள்.

இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த கேப்டன், போன வாரம் என் முன்னாலேயே கையெடுத்துக் கும்பிட்டார். “அக்கா, புண்ணியமாப் போகும். உங்க தொட்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க. வண்டி நானே அனுப்பறேன்.”

“தோத்த பொருளைத் திரும்ப வாங்கற வழக்கம் எனக்கு இல்ல கேப்டன்.” குப்பியைக் கழுவிக் கவிழ்த்தார். “பழுப்பா இருக்கிறதைப் பழுப்புன்னு எழுதி வெச்சு வித்துப் பாருங்க. அதுக்கும் ஆள் வருவாங்க.”

ஆலை பஸ் முனையில் திரும்பும் சத்தம் கேட்டது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.