பதின்மூன்றாவது பெயர்

சவூதியில், அல் கோபாரில் குழாய்ப் பராமரிப்புக் காண்ட்ராக்ட் எடுக்கும் ஒரு கம்பெனியில், பர்சனல் பிரிவில், சேதுமாதவன் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்தார். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். இக்காமா என்கிற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிப்பது, லீவு கணக்கு வைப்பது, ஊருக்குப் போகிறவனுக்குப் போய்த் திரும்பி வரும் விசா எடுத்துத் தருவது, இறந்துபோனவனை ஊருக்கு அனுப்பக் காகிதம் தயார் செய்வது, இவ்வளவுதான். ஆனால் கம்பெனியில் இருந்த முந்நூறு பேருடைய குடுமியும் அந்த மேஜையில்தான் இருந்தது. அப்படி இருந்தும் ஒரு ஆளிடம்கூட அவர் குரலை உயர்த்திப் பேசியது கிடையாது. "சேது சார் கையில பேப்பரக் கொடுத்துட்டா தூங்கப் போகலாம்" என்று ஜுபைல் தொழிலாளர் கேம்பில் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்காகவே அவர் உழைத்தார் என்று சொன்னாலும் தப்பில்லை. நல்லவன் என்று பெயர் எடுத்தவனுக்கு அந்தப் பெயரைக் காப்பாற்றுவதே ஒரு தனி வேலை ஆகிவிடும்.

திருச்சிக்காரர். மனைவி ஜெயலட்சுமி, ஒரே மகள் ஹர்ஷினி. கோபாரிலேயே அக்ரபியாவில் இரண்டு அறை வீடு. ஹர்ஷினி அங்கேயே பிறந்து அங்கேயே படித்தவள். அவள் பத்தாவது எழுதிய வருடமும் அதற்கு அடுத்த வருடமும் சேதுமாதவன் லீவு எடுக்கவில்லை. பிள்ளை படிக்கும்போது ஊருக்கு என்ன போக்குவரத்து என்பது ஜெயலட்சுமியின் கட்சி. அவரும் சரி என்று இருந்துவிட்டார். அந்த லீவெல்லாம் அவர் பெயரில் சேர்ந்துகொண்டே வந்தது.

இரண்டாயிரத்து இருபதில் கொரோனா வந்தது. சைட்டுகள் மூடின. ஜுபைலில் கேம்புகளின் கதவைச் சாத்தினார்கள். கம்பெனிக்கு வேலை தருகிறவர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் சவூதி அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வேலை போனவர்களுக்காக ஏற்கெனவே இருந்த சானித் என்ற காப்பீட்டை, வேலை போகும் நிலையில் இருக்கிறவர்களுக்கும் விரிவுபடுத்தினார்கள். கம்பெனி அவர்களை நீக்காமல் வைத்துக்கொண்டால் போதும். சம்பளத்தில் அறுபது சதவீதத்தை மூன்று மாதத்துக்கு அரசே கொடுக்கும். குடிமக்களுக்கு மட்டும். சானித் என்றால் அரபியில் தாங்கிப் பிடிப்பது என்று பொருள்.

கம்பெனியில் சவூதிக்காரர்கள் பதினான்கு பேர். அந்தப் பதினான்கு பேருக்கும் விண்ணப்பம் போடும் வேலை சேதுமாதவனிடம் வந்தது. ஊரடங்கில் வீட்டில் இருந்தபடியே, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, மூன்று வாரம் அதில் கிடந்தார். ஒருவனுடைய வங்கி எண் தப்பு, ஒருவனுடைய பிறந்த தேதி பொருந்தவில்லை. வரவேற்பில் உட்காரும் ஃபஹத் என்ற இளைஞனின் விண்ணப்பம் மூன்று தடவை திரும்பி வந்தது. நான்காவது தடவை ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்குச் சேதுமாதவன் தனக்கே கிடைத்த மாதிரி எழுந்து நின்று கையைத் தட்டினார்.

பெருநாளுக்கு முன்னால் ஃபஹத் ஒரு பெட்டி பேரீச்சம்பழ பிஸ்கட்டோடு வாசலில் வந்து நின்றான். மாஸ்க்குக்கு மேலே கண்ணெல்லாம் சிரிப்பு. அரபு வழக்கப்படி அவரை 'ஹர்ஷினியின் அப்பா' என்றுதான் கூப்பிடுவான்.

"யா அபு ஹர்ஷினி, எனக்குப் பணம் நேற்றே வந்துவிட்டது. உனக்கு எந்தத் தேதியில் வந்தது?"

"எனக்கு இல்லை ஃபஹத். அது உங்களுக்கு மட்டும்" என்று சேதுமாதவன் தனக்குத் தெரிந்த அரபியில் சொன்னார்.

"ஆனால் நீதானே எல்லாவற்றையும் எழுதினாய்?" என்றான் ஃபஹத். அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதை எப்படிக் கொடுப்பது என்று புரியாமல் நின்றான். அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தன் நாட்டுக்காரனைத் தாங்குவது எந்த அரசுக்கும் அழகுதான். தாங்க ஆள் இல்லாதவன் யார்மேல் சாய்வது என்பதுதான் கேள்வி, அதற்கு எந்த இணையதளத்திலும் விண்ணப்பம் கிடையாது.

இதற்குள் மேனேஜர் ராஜீவ் இன்னொரு பட்டியல் கேட்டிருந்தார். கோயமுத்தூர்க்காரர், நேரடியாகப் பேசுகிறவர்.

"சேது, சவூதிக்காரங்க பதினாலு பேரையும் நீக்க முடியாதுங்க. மத்தவங்கள்ல இப்போதைக்குப் பன்னெண்டு பேர் போகணும். யாரைன்னு என்னால சொல்ல முடியல. நீங்களே ஒரு ரூல் சொல்லுங்க."

சேதுமாதவன் ஓர் இரவும் பகலும் யோசித்து விதி சொன்னார். யாரையும் வேலையை விட்டு நீக்க வேண்டாம். நீண்ட லீவில் அனுப்பலாம். லீவு அதிகமாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் முதலில் போகட்டும். அவர்களுக்கு ஒன்றிரண்டு மாதம் சம்பளத்தோடு கழியும். கம்பெனி தலையெடுத்ததும் திரும்பி வரலாம். "இதுல யார் முகத்தையும் பாக்க வேண்டியதில்ல சார்" என்றார். ராஜீவுக்கு நிம்மதி. சேதுமாதவனுக்கும் கொஞ்சம் பெருமை இருந்தது, மறைப்பானேன்.

அன்று மாலை லீவு கணக்கைத் திறந்து, நாட்கள் அதிகமாக இருப்பவர்கள் மேலே வரும்படி வரிசைப்படுத்தினார். மேலிருந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டாவது பெயர் சேதுமாதவன். பதின்மூன்றாவது பெயர் அஸ்கர் அலி.

அவர் முதலில் நினைத்தது கணக்கில் தப்பு இருக்கும் என்றுதான். இரண்டு வருட லீவு. தப்பில்லை.

அடுத்த அறையில் ஹர்ஷினி ஆன்லைன் வகுப்பில் இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அப்பாவுக்குச் சம்பளம் நின்றால் பள்ளிக்கூடம் நிற்கும், வீடு போகும். நடு வருடத்தில் திருச்சிக்குப் போய், தெரியாத பள்ளியில் இடம் தேடி, பொதுப் பரீட்சை எழுத வேண்டும். இடம் கிடைத்தால். அடுத்த மார்ச் மாதம் அவள் அந்தப் பரீட்சையை எழுதி முடிக்கும்வரை இங்கே இருக்க வேண்டும், அதற்குப் பிறகு வானம் இடிந்து விழட்டும் என்பதுதான் அவருடைய ஒரே வேண்டுதல்.

ஜெயலட்சுமி காப்பியோடு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தவள் காப்பியைக் கீழே வைக்கவில்லை.

"ஏங்க, அந்த லிஸ்ட்ல உங்க பேரு இருக்கா?"

"இல்ல" என்றார். சொன்ன பிறகுதான் அதை உண்மையாக்கும் வழியைத் தேடினார்.

வழி இருந்தது. ஊரடங்கு நாட்களை ஊழியரின் லீவில் கழித்துக்கொள்ளலாம் என்று கம்பெனி ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. அதைத் தட்டச்சு செய்ததே அவர்தான். தான் ஏப்ரல் மாதத்தில் இருபது நாள் லீவில் இருந்ததாகப் பதிவு செய்தார். ஃபஹதுக்காகவும் மற்ற பதிமூன்று பேருக்காகவும் லேப்டாப் முன்னால் முதுகு வலிக்க உட்கார்ந்திருந்த அதே இருபது நாள். மறுபடி வரிசைப்படுத்தியபோது அவர் பெயர் எங்கோ கீழே போய்விட்டது. பதின்மூன்றாவது பெயர் ஒரு படி ஏறி வந்து நின்றது.

ஃபஹதுக்கு மூன்று மாதத்தை அரசு கொடுத்தது. சேதுமாதவன் தன்னுடையதை அஸ்கர் அலியிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

ஜெயலட்சுமி அன்றைக்குச் சேமியா பாயசம் வைத்தாள். அவர் இரண்டு டம்ளர் குடித்தார்.

அஸ்கர் அலி யார் என்று சொல்ல வேண்டும். அதிராம்பட்டினத்துக்காரர், ஜுபைல் ஸ்டோரில் பதினாறு வருடமாகக் கையுறையும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுப்பவர். வாய் ஓயாத மனிதர். மார்ச் மாதத்தில் கடை கடையாகத் தேடியும் மாஸ்க் கிடைக்காதபோது, தன் பங்குக்குக் கிடைத்த பெட்டியைப் பிரிக்காமல் கொடுத்தனுப்பியவர் அவர்தான். "நான் ஸ்டோருக்குள்ள தனியாக் கெடக்குறவன், எனக்கு எதுக்கு? புள்ள இருக்குற வீடு" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டிருந்தார். அந்தப் பெட்டி அப்போதும் ஹர்ஷினியின் மேஜைமேல் பாதி காலியாக இருந்தது.

பட்டியல் வந்த பிறகு பன்னிரண்டு பேரும் ஒவ்வொருவராக அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டார்கள். அஸ்கர் அலி கடைசியாக வந்தார். ஸ்டோர் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார்.

"என்னா சார், நம்மள ஊருக்கு அனுப்புறியளாமே?"

"லீவுதான் பாய். மூணு மாசம். வேலை ஆரம்பிச்சதும் கூப்பிட்டுடுவாங்க."

"லீவுன்னா சந்தோசந்தான் சார். வூட்டுக்காரி ஜொஹரா மொகத்தப் பாத்து ரெண்டு வருசமாச்சு. வேலை போவுதுன்னு பயலுவ கேம்புல என்னமோ பேசிக்கிட்டானுவ. சேது சார் சொல்லட்டும், அப்பறம் நம்புறேன்னு வந்துட்டேன்." காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எங்க போடணும்?"

'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று அச்சிட்டிருந்த இடத்தைச் சேதுமாதவன் விரலால் காட்டினார். அஸ்கர் அலி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். எழுந்து போகும்போது திரும்பி, "பாப்பாவ நல்லாப் படிக்கச் சொல்லுங்க சார், பன்னெண்டாவதுல?" என்று கேட்டுவிட்டுப் போனார். சேதுமாதவன் சாவிக்கொத்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார்.

ஜூன் மாதம் தம்மாமிலிருந்து கிளம்பிய ஒரு சிறப்பு விமானத்தில் அஸ்கர் அலி ஊருக்குப் போனார். ஃபஹதின் மூன்று மாதம் முடிந்தது. அதை அரசு நீட்டித்தது. அஸ்கர் அலியின் மூன்று மாதமும் முடிந்தது. ஆனால் விமானங்கள் வரவில்லை, கம்பெனியும் கூப்பிடவில்லை. டிசம்பரில் ராஜீவ், "அந்தப் பன்னெண்டு பேர் ஃபைல மூடிடுங்க" என்றார். சேதுமாதவன் அவர்கள் திரும்ப வருவார்கள் என்று வாக்குக் கொடுத்ததைச் சொன்னார். "எந்தப் பேப்பர்ல கொடுத்தீங்க?" என்று கேட்டார் ராஜீவ். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எந்தப் பேப்பரிலும் இல்லை.

அரசின் இணையதளத்தில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. 'வெளியேறினார், திரும்பவில்லை' என்று இருக்கும். அதில் ஒரு குறி போட்டால் அந்த ஆள் மூன்று வருடத்துக்கு வேறு கம்பெனி விசாவிலும் உள்ளே வர முடியாது. பன்னிரண்டு குறிகளையும் சேதுமாதவன்தான் போட்டார். பதினொன்றைச் சட்டென்று போட்டுவிட்டார். பன்னிரண்டாவதற்கு முன்னால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்து, முகம் கழுவி, திரும்பி வந்து போட்டார். அஸ்கர் அலிக்குச் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நாள் கடந்தது. தினமும் காலையில் அந்த மாஸ்க் பெட்டி கண்ணில் படும். காலியான பிறகும் ஹர்ஷினி அதில் பேனாக்களைப் போட்டு வைத்திருந்தாள்.

அவள் நன்றாகத்தான் படித்தாள். மார்ச் பரீட்சையை மே மாதத்துக்குத் தள்ளினார்கள். ஏப்ரலில் இந்தியாவில் கொரோனா மறுபடி தலைவிரித்து ஆடியபோது, பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஜூன் முதல் தேதி மாலை ஹர்ஷினி அறையிலிருந்து ஓடி வந்தாள்.

"அப்பா! கேன்சல்டு! எக்ஸாமே கிடையாதாம்! இன்டர்னல் மார்க் வச்சே போட்டுடுவாங்களாம். ஓ மை காட், அம்மா!"

ஜெயலட்சுமி, "அப்பாடா, புள்ளை ஒரு வருஷமாத் தூங்கல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசரி கிளற அடுப்படிக்குப் போனாள். சேதுமாதவன் நின்ற இடத்திலேயே நின்றார். எந்தப் பரீட்சைக்காக அப்படிச் செய்தாரோ அந்தப் பரீட்சையே இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது? யாரைத் திட்டுவது? திட்டுவதற்குத் தன்னைத் தவிர அந்த வீட்டில் ஆள் இல்லை.

போன் அடித்தது. அதிராம்பட்டினம்.

"சார், டிவில சொன்னான். பரீச்ச இல்லையாமே! பாப்பாவுக்குச் சந்தோசமா?"

"சந்தோஷம் பாய்."

"அதானே. எங்க போனாலும் புள்ள பொழச்சுக்கும். நான் இப்ப மச்சான் கடையில கல்லாவப் பாத்துக்கிட்டிருக்கேன் சார், சும்மா ஒக்காந்திருக்க முடியல. ஊர்ல கேக்குறவங்கட்டல்லாம் லீவுல வந்திருக்கேன்னுதான் சொல்றேன். ஒரு வருசமாச்சா, சிரிக்கிறானுவ." குரலைக் கொஞ்சம் இறக்கினார். "ஜொஹராவும் நம்ப மாட்டேங்குறா. லீவுதானே சார்?"

சொல்லிவிட வேண்டும் என்று சேதுமாதவன் வாயெடுத்தார். உண்மை வந்தால் அதோடு அந்த இருபது நாளும் வரும், பன்னிரண்டாவது பெயர் யாருடையது என்பதும் வரும். அடுப்படியில் ஜெயலட்சுமி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"லீவுதான் பாய்" என்றார்.

"கேட்டுக்கிட்டியா?" என்று அந்தப் பக்கம் அஸ்கர் அலி யாரிடமோ சொன்னார். பிறகு போனுக்கு வந்தார். "ஸ்பீக்கர்ல போட்ருந்தேன் சார். அவ காதால கேக்கட்டும்னு."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு, அவர் ஒரு நாளும் கேட்டிராத ஒரு பெண் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"நீங்க சொன்னாச் சரிதாண்ணே. இவுக சொன்னப்பத்தான் நம்பல. நாளைக்கே இவுக பெட்டியத் தொடச்சு எடுத்து வச்சிர்றேன்."

ஹர்ஷினி ஒரு தட்டில் கேசரியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, போன் அணைந்த பிறகும் நெடுநேரம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.